ஒரே எண் கொடுத்தால் எக்செல் கட்டம் சதுரமாகாது

எக்செலில் நெடுவரிசை அகலத்துக்கும் கிடைவரிசை உயரத்துக்கும் 15 என்ற ஒரே எண்ணைக் கொடுத்தால் சதுரக் கட்டங்கள் கிடைக்கும், அவற்றில் ஒட்டுத்துணிப் போர்வையைத் திட்டமிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். திட்டமிடலாம் என்பது உண்மைதான்; ஆனால் அகலம் எழுத்துருவின் ஓர் இலக்கத்தின் அகலத்தை அலகாகக் கொண்டும், உயரம் பாயின்ட்டிலும் (அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) அளக்கப்படுவதால், கலிப்ரி 11 எழுத்துருவில் அந்தக் கட்டம் 110 பிக்சல் அகலமும் 20 பிக்சல் உயரமும் கொண்ட பட்டையாகவே அமையும். (பெங்களூரு சிக்பேட்டையில் வாங்கிய துணியை இதே கணக்கை நம்பி வெட்டியவர்களில் நானும் ஒருத்தி.) நெடுவரிசை, கிடைவரிசைத் தலைப்புகளில் உள்ள எல்லைக்கோட்டைச் சுட்டியால் அழுத்திப் பிடித்தால் பிக்சல் எண்ணிக்கை தெரியும், இரண்டையும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘வியூ’ பகுதியில் ‘பேஜ் லேஅவுட்’டுக்கு மாறினால், இரண்டு அளவுகளையும் அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ நேரடியாகவே கொடுக்க முடியும்.