சவளை வீட்டுக்குள் வைக்கிறவள் எழுதுகிறேன்

அந்தப் பட்டியலை இன்று காலையில் மட்டும் பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "அக்கா, உங்கட ஊர்க் கதைதான், வாசிச்சுச் சிரியுங்கோ" என்று. வாசித்தேன், சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் இருந்து இரண்டாம் தரம் வாசித்தபோது இறங்க வேண்டிய தரிப்பையும் விட்டுவிட்டேன். அவ்வளவு கோபம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வட நோர்வேயில் ஊறிவிட்டீர்கள் என்பதற்கு இருபது அடையாளங்கள்." -40இல் ரீசேட்டோடு குப்பை போடப் போவீர்களாம். உங்கள் காரில் எல்க் மான் இரண்டு தரமாவது மோதியிருக்குமாம். உறைந்த ஏரிக்கு மேல் கார் ஓட்டுவீர்களாம். -10 வந்தால் வெயில் காலம் என்று சொல்லுவீர்களாம். எல்லாவற்றையும் விடலாம். கடைசியில் அந்தப் பட்டியலை எழுதின தம்பி தன் சொந்தக் கருத்தாகப் போட்ட வரியை விட முடியாது: "எங்கட ஆக்களிலை இருபதுக்கு அஞ்சு எடுக்கிற ஒருத்தரும் இல்லை. குளிரைக் கண்டதும் ஒஸ்லோவுக்கு ஓடினவைதானே."

ஓடினவை. அந்தச் சொல்லுக்கு நானூறு பேர் சிரிப்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருக்கின்றன.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பனி ஊரில் ஒருவர் ஊர்க்காரராகிவிட்டாரா என்பதை அவர் எவ்வளவு குளிர் தாங்குகிறார் என்று பார்த்து அளக்கக்கூடாது. குளிரை அங்கே ஒருவரும் தாங்குவதில்லை. அங்கேயே பிறந்து அங்கேயே கிழவரானவர்களும் தாங்குவதில்லை. உடம்போடு ஒட்டக் கம்பளி, அதற்கு மேலே இன்னொரு கம்பளி, அதற்கு மேலே காற்றுப் புகாத அங்கி என்று மூடிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். ரீசேட்டோடு வெளியே போகிறவர் அங்கே ஊர்க்காரர் இல்லை. அவரைப் பிடித்து உள்ளே இழுத்துக் கோப்பி கொடுக்கிறவர்தான் ஊர்க்காரர்.

நான் 1989 இலையுதிர் காலத்தில் வட நோர்வேயில் இருக்கிற வார்டோவுக்குப் போனேன். அப்போது எனக்கு 22 வயது. எண்பதுகளில் நாட்டார் உயர்பள்ளிகள் என்ற தங்கிப் படிக்கிற பள்ளிகளுக்கு மாணவராக வந்த எங்கள் தமிழ்ப் பொடியள் பலர், படிப்பு முடிந்ததும் வேலை தேடி வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். என் கணவரும் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தவர். வார்டோ ஒரு தீவு. இஸ்தான்புல்லை விடக் கிழக்கே இருக்கிறது என்று சொன்னால் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை, வரைபடத்தைப் பாருங்கள். 1982இல் திறந்த கடலடிச் சுரங்கப் பாதையால்தான் கரைக்குப் போய்வருவோம், கடல் மட்டத்திலிருந்து 88 மீற்றர் கீழே. கிரேக்கத்தின் கிரீட் தீவு வரைக்கும் போகிற ஈ75 என்ற நெடுஞ்சாலை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஊரில் காடு கிடையாது. கோட்டைக்குள் ஒரு மரம் நின்றது, அதையும் குளிர்காலம் வந்தால் பிள்ளையைப் போர்த்துகிற மாதிரிச் சுற்றிக் கட்டிவைப்பார்கள். பட்டியலோடு போட்ட படத்தில் இருந்த ஊசியிலைக் காடு எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. -40 என்பதும் கரையோரக் கதை இல்லை. அது கராஸ்யோக் மாதிரி உள்நாட்டு ஊர்களுக்கு உரியது. நோர்வேயின் மிகப் பெரிய குளிர், -51.4 பாகை, 1886 ஜனவரி முதலாம் திகதி பதிவானது அங்கேதான். எங்கள் கரையில் வெப்ப நீரோட்டம் வந்து தொடுவதால் நடு மாரியிலும் கடல் உறையாது. எங்களுக்கு எதிரி குளிர் இல்லை, காற்று. வார்டோவில் பனி மேலேயிருந்து விழுந்ததை நான் கண்டது குறைவு. அது பக்கவாட்டில் வரும், முகத்தில் உப்பை அள்ளி எறிகிற மாதிரி.

அதனால் எங்கள் அடையாளங்கள் வேறு. காரை நிறுத்தும்போது காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துவோம். இல்லாவிட்டால் கதவைத் திறந்த கையோடு கதவைக் காற்று முறித்துக்கொண்டு போகும். பனியைச் சுரண்டி அள்ளுகிற சவளை வெளியே வைக்கமாட்டோம், கதவுக்கு உட்பக்கம் சாத்தி வைப்போம். வாசலைப் பனி மூடின பிறகு சவள் அந்தப் பனிக்குள் கிடந்து என்ன பிரயோசனம்? மாதத்தின் நோர்வேஜியப் பெயரில் 'ஆர்' எழுத்து இருந்தால் மீனெண்ணெய் குடிப்போம், செப்டம்பரில் தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும் தப்ப முடியாது. பனியில் வழுக்காமல் இருக்க ஆணி பதித்த ரயரை ஒக்டோபர் 16இலிருந்து பூட்டலாம் என்றால், 15ஆம் திகதி இரவே அதை நிலவறையிலிருந்து உருட்டிக்கொண்டு வருவோம். முல்தே என்ற காட்டுப் பழம் எந்தச் சதுப்பில் காய்க்கிறது என்று கூடப் பிறந்தவளுக்கும் சொல்லமாட்டோம்.

'ஆம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்லுவோம். கேட்காதவர்களுக்கு இதை எழுதி விளங்கப்படுத்துவது கஷ்டம். திடுக்கிட்டவர் மாதிரி ஒரு சின்ன 'ஹ்யா', காற்று உள்ளே போகும். மூன்றாம் வருடம் அது எனக்கும் தொற்றிவிட்டது. கொழும்புக்கு வந்திருந்த அம்மாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பதறிப்போய்க் கேட்டார், "ஏன் பிள்ளை, மூச்சு வாங்குதே? நெஞ்சு கிஞ்சு நோகுதோ?" அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, அந்த ஊர் என் தொண்டைக்குள் வந்துவிட்டது என்று. இப்படி ஒன்று கூட அந்த இருபதில் இல்லை.

"பகிடிதானே அக்கா, எல்லாத்தையும் ஏன் பெரிசாக எடுக்கிறியள்?" என்று இதற்கும் யாரோ எழுதப் போகிறீர்கள். பகிடி எனக்கும் பிடிக்கும். தொழிற்சாலையில் மீன் துண்டைச் சுத்தம் செய்கிற பில்லே மேசையில் பத்து மணித்தியாலம் நின்றவர்களுக்குப் பகிடி இல்லாமல் உயிர் வாழ முடியாது. கீழேயிருந்து வெளிச்சம் அடிக்கிற மேசையில் தொர்ஸ்க் (ஆங்கிலத்தில் கொட்) மீன் துண்டை விரித்து, புழு நிழலாகத் தெரிகிற இடத்தைக் கத்தி நுனியால் கிள்ளி எடுக்க வேண்டும். கிலோக் கணக்குக்குத்தான் சம்பளம். கையுறைக்குள் விரல் மரத்துப்போய்விடும், கத்தி பட்டால் வலி தெரியாது, வெளிச்சத்தில் சிவப்பைக் கண்டுதான் கையைப் பார்ப்போம். அந்த மேசையைச் சுற்றி நின்று வட நோர்வே ஆக்கள் சொன்ன பகிடிகளை இங்கே எழுத முடியாது, அவ்வளவு தூஷணம். ஆனால் அவர்கள் எங்களோடு சேர்ந்து நின்று சிரித்தார்கள். இந்தப் பட்டியல் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. வித்தியாசம் எனக்கு விளங்குகிறது, உங்களுக்கு ஏன் விளங்கவில்லை?

"காசுக்குத்தானே போனனீங்கள்?" ஓம், காசுக்குத்தான். ஊரில் தங்கச்சிமாருக்குச் சீதனம், தம்பிமாருக்கு வெளிநாடு போக ஏஜென்சிக் காசு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அங்கே நிறம் பார்க்கிறவர்கள் இல்லையா, எல்லாரும் நல்லவரா?" என்றும் கேட்பீர்கள். இருந்தார்கள். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு மனம் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்றைக்கு என் மனம் எங்கள் எதிர்வீட்டு அம்மாவிடம்தான் போகிறது. நான் போனபோதே அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. உதைந்து தள்ளுகிற சறுக்குக் கதிரையில் கடைக்குப் போய்வருவார். நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரியில்தான் திரும்பி வரும். அந்த இரண்டு மாத இருட்டில் முதல் முறை நான் எழும்பாமல் கிடந்தேன். காலை எட்டு மணிக்குக் கதவில் தட்டிக் கேட்டது. அந்த அம்மாதான். உள்ளே வரவில்லை, கோப்பியும் கேட்கவில்லை. "உன் குசினி விளக்கு எரியவில்லை" என்றார். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து நான் ஆறு மணிக்கு எழும்பி விளக்கைப் போட்டேன். பிறகு பிறகு விளங்கியது, அந்தத் தெருவில் எல்லாரும் எல்லாருடைய விளக்கையும் பார்க்கிறார்கள். அந்தத் தம்பியின் பட்டியலுக்கு நான் ஒரு அடையாளம் சேர்க்கலாம் என்றால் இதைத்தான் சேர்ப்பேன். காலையில் உங்கள் கண் வெப்பமானிக்குப் போகிறதா, எதிர்வீட்டு விளக்குக்குப் போகிறதா?

1993 ஜனவரி. மகள் வயிற்றில். பிள்ளைப்பேற்று வசதியுள்ள ஆஸ்பத்திரி கிர்கனெஸில், றோட்டால் இருநூறு கிலோமீற்றருக்கு மேல். நாள் கிட்டியதும் முதலே போய் அங்கே தங்குவதுதான் வழக்கம். நாங்கள் புறப்பட்ட அன்று காற்று. கணவருக்கு அப்போது லைசென்ஸ் இல்லை, எதிர்வீட்டு அம்மாவின் மகன்தான் கார் எடுத்தார். அந்த அம்மா இரண்டு செம்மறித் தோல், தேர்மோஸ், ஒரு சவள் எல்லாவற்றையும் பின்னுக்குத் திணித்துவிட்டு, எண்ணெய்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று மகனிடம் மூன்று தரம் கேட்டார். வாட்சோவுக்குப் போகிற வழியில் தடுப்பு இறங்கியிருந்தது. பாதை மூடியிருந்தால், பனி தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் கார்களை விடுவார்கள். அதற்குக் காத்து நின்ற இடத்தில் எனக்கு வலி தொடங்கிவிட்டது.

முன் கார்க்காரர் ஒருவர் வந்து யன்னலில் தட்டி எட்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவர் போர்வை, ஒருவர் கோப்பி, முன்பின் தெரியாத ஒரு கிழவர் தன் கம்பளிக் காலுறையைக் கழற்றித் தந்தார், அது சூடாக இருந்தது. பனி வண்டிக்காரர் இறங்கி வந்து, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, எங்கள் காரை எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய்த் தன் வண்டிக்குப் பின்னாலேயே நிறுத்தினார். வழி முழுக்க நான் அந்த வண்டியின் மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டு போனேன். மகள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் ஊருக்குத் திரும்பிய கிழமைதான் அந்த வருடத்துச் சூரியன். முழு வட்டமும் தெரிந்தால் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று லீவு. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

அந்த வரிசையில் குளிரை யார் அதிகம் தாங்கினார் என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

நாலு வருடம் கழித்து ஒரு காலை, எதிர்வீட்டு விளக்கு எரியவில்லை. இரவு முழுக்கப் புயல். என் சவள் உள்ளே நின்றபடியால் முதலில் என் வாசலை வெட்டி வெளியே வந்து, தெருவைக் கடந்து, அவருடைய வாசலை வெட்டினேன். இடுப்பளவு பனி. உள்ளே குசினித் தரையில் விழுந்து கிடந்தார், இடுப்பெலும்பு முறிந்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் சொன்னது ஒரே ஒரு சொல். மூச்சை உள்ளே இழுத்து, 'ஹ்யா'. வருவாய் என்று தெரியும் என்கிற மாதிரி. இன்னும் மூன்று வருடம் இருந்தார்.

"அவ்வளவு நல்ல ஊர் என்றால் ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்?"

இதைத்தான் நீங்கள் கேட்பீர்கள் என்று முதல் வரியிலேயே எனக்குத் தெரியும். கேளுங்கள், சொல்கிறேன். 1990இல் மீன் குறைந்துபோய் தொர்ஸ்க் பிடிக்கிற அளவை அரசு வெட்டியது. பிறகு ரஷ்யக் கப்பல்கள் இறக்கின மீனால் கொஞ்சக் காலம் ஓடியது. பிறகு மீனை முழுசாக உறைய வைத்துச் சீனாவுக்கு அனுப்பி அங்கே வெட்டுவித்தால் மலிவு என்று ஆயிற்று. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2002இல் எங்களுடையது. கடைசி நாள் என் கத்தியைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க வேண்டியவர் அதை என் கையிலேயே திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வருடம் எங்களோடு சேர்ந்து நோர்வேஜியர்களும்தான் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போனார்கள். அவர்களையும் ஓடினவை என்று சொல்லுவீர்களா? பதின்மூன்று மாரி அங்கே இருந்தேன். எந்த மாரியும் என்னைத் துரத்தவில்லை. வேலை போனதால் வந்தோம்.

இதையெல்லாம் நான் எழுதாமலே விட்டிருப்பேன். நேற்று இரவு மகள் அந்தப் பட்டியலோடு வந்தாள். எட்டு வயதில் துறைமுகத்தில் மற்றப் பிள்ளைகளோடு நின்று தொர்ஸ்க் நாக்கு வெட்டி விற்றுக் கைக்காசு சேர்த்தவள் அவள். இப்போதும் வாயைத் திறந்தால் வடக்கத்தையப் பேச்சுத்தான், வேலையிடத்தில் "நீ பின்மார்க்காரியா?" என்று கேட்கிறார்களாம். கடைசி வரியைக் காட்டி, "அம்மா, நாங்கள் ஓடினாங்களா?" என்று கேட்டாள்.

அவளுக்கு என்ன சொன்னேன் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். தம்பி, உங்கள் பட்டியலை நீங்கள் வைத்திருங்கள். எல்க்கும் ஏரியும் அப்படியே இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.