வெள்ளிக் கொலுசு காளானின் விஷத்தைக் காட்டாது

"காட்டுக் காளானை வெள்ளிக் கொலுசோடு வேகவைங்க, கொலுசு கறுக்கலைன்னா தைரியமா சாப்பிடலாம்" என்று கோபி, சத்தி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. ஆளைக் கொல்லக்கூடிய தவறு.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகச் சேர்மங்கள். அவித்த முட்டை பட்டாலும் கொலுசு கறுக்கும். சில காளான்களில் உள்ள, கல்லீரலை அழிக்கும் நஞ்சான அமடாக்சினோ வெள்ளியைக் கறுக்க வைக்காது, கொதித்தாலும் அழியாது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த அமானிடா, கலெரினா, லெபியோட்டா என்ற மூன்று காளான் வகைகளிலும் அந்த நஞ்சுள்ள இனங்கள் உண்டு. ஆக, இந்த ஒரு சேர்மத்தை மட்டும் வைத்து, அது எந்தக் காளான் இனம் என்று ஆய்வகத்தில்கூடப் பிரிக்க முடியாது.

"பத்துத் தடவை பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகலைங்க" என்கிறார்கள். பத்தும் நல்ல புற்றுக்காளானாக இருந்தால் எந்தச் சோதனையும் ஜெயிக்கும். நஞ்சுக் காளான் சட்டிக்கே வரவில்லையே! நாலுக்கு ஒன்று பொய்க்கும் சோதனைகூடத் தொடர்ந்து பத்து முறை சரியாக வர நூற்றுக்கு 5-க்கு மேல் வாய்ப்பு இருக்கிறது.

அமடாக்சின் தின்றால் வாந்தி, பேதி பெரும்பாலும் 6 மணி நேரம் கழித்தே தொடங்கும். நடுவில் தெளிந்ததுபோல் இருக்கும். அப்போதும் கல்லீரல் கெட்டுக்கொண்டே போகும். சந்தேகம் வந்தால் காத்திருக்காதீங்க. மீந்த காளானையும் எடுத்துக்கொண்டு உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.