'சும்மா காமெடி' என்ற சமாதானம்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பழங்குடியினராக வேடமிட்டுப் போட்ட நகைச்சுவை நாடகத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முகத்தில் அடுப்புக்கரி, இடுப்பில் தைலமரத் தழை, வாயில் 'ஜிங்கலாலா'. அந்த நாடகம் குற்றமில்லையாம். மறுநாள் வகுப்பில் ஆசிரியராகிய நான் அதைப் பேச்சுக்கு எடுத்ததுதான் குற்றமாம்; மனுவே கொடுத்திருக்கிறார்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி: யாரைப் பார்த்துச் சிரித்தோம்? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிச் சமூகங்கள் வாழும் நீலகிரியில், அவர்களில் எவர் வீட்டிலும் 'ஜிங்கலாலா' என்ற பேச்சு கிடையாது. அது சினிமா கட்டிவிட்ட கதை. பணியர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையேறிய பிள்ளைகளை நான் திட்டவில்லை. குழாயடியில் கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த பையன், "சார், எல்லாரும் நல்லா சிரிச்சாங்கல்ல?" என்று பெருமையோடுதான் கேட்டான். வசனம் எழுதிக் கொடுத்தவர் அவனைவிட வயதில் மூத்தவர், படித்தவர்.

நகைச்சுவையை ஆராய்ந்தால் அது செத்துவிடும் என்கிறார்கள். செய்யுளை அசை பிரித்து, சீர் பிரித்து, வாய்ப்பாடு எழுதச் சொல்கிறோமே, செய்யுள் செத்தா போயிற்று? சிரிப்பால் யாருக்கு என்ன கேடு என்கிறார்கள். 1830களில் அமெரிக்காவில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி, 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பினப் பாத்திரமாக ஆடி அரங்குகளைச் சிரிக்கவைத்தார். பின்னாளில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு அந்தக் கோமாளியின் பெயரே நிலைத்தது. சர்தார்ஜி ஜோக்குக்கும் இதே கேள்வியா என்றால், ஆம், அதையும் கொண்டுவாருங்கள்.

"உங்களுக்கு மட்டும் ஏன் இப்படிச் சுடுகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. "சிலோன்காரா, எழுந்து உங்க ஊர் மாதிரிப் பேசு" என்பார் எங்கள் வாத்தியார். வகுப்பே சிரிக்கும்; நானும் சேர்ந்து சிரிப்பேன், ஏனென்றால் சிரிக்காவிட்டால் மறுநாளும் எழுப்புவார். இப்போது அதே குடியிருப்புப் பிள்ளைகள், தோட்ட வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்ட் தொழிலாளியை 'வடக்கன்' என்று நடித்துக் காட்டுகிறார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்துகிறேன் என்று மனு கொடுத்திருக்கும் பெரியோர்களின் கவனத்துக்கு: அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் அந்த நாடக வசனத்தை வரிவரியாகக் கரும்பலகையில் எழுதப் போகிறேன். வசனகர்த்தாவும் தாராளமாக வரலாம், கடைசி பெஞ்சில் இடம் இருக்கிறது.