தமிழில் பார்த்தால் ரசிகன் இல்லையா?

இரண்டு நாளாக ரசிகர் குரூப் ஒன்றில் நடக்கும் அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். எந்தக் குரூப், யார் யார் என்று திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, ஸ்கிரீன்ஷாட் எல்லோர் போனிலும் சுற்றிவிட்டது. மார்வெலின் சூப்பர் ஹீரோ கதைகளில் ஒன்றான ‘லோகி’ தொடரின் முடிவைப் பற்றி ஒரு பையன் உருகி எழுதினான். தமிழில் பார்த்ததாக ஒரு வரி சேர்த்துவிட்டான், அவ்வளவுதான். “டப்பிங்ல பாத்துட்டு ரிவ்யூ வேறயா?” “தர்மபுரிக்காரனுக்கு மல்டிவெர்ஸ் புரிஞ்சிடுச்சாம்.” மல்டிவெர்ஸ் என்றால் அந்தக் கதையில் வரும் பல இணை உலகங்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

அந்தப் பையன் என் அக்கா மகன். அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் யார் வீட்டுப் பையனாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்: தமிழில் பார்ப்பவனும் ரசிகன்தான்.

அவன் எழுதியதை அங்கே எத்தனை பேர் முழுசாகப் படித்தீர்கள்? 2011-இல் வந்த ‘தோர்’ படத்திலிருந்தே லோகி சிம்மாசனத்துக்காக அலைந்தவன். அண்ணனை ஏமாற்றினான், அப்பாவை ஏமாற்றினான். 2023 நவம்பரில் முடிந்த இரண்டாவது சீசனில் ஒரு சிம்மாசனம் அவனுக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியிருந்ததோ கூட இருக்க நாலு நண்பர்கள். காலத்தின் இழைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கும்போது தனியாக இறங்கி நடக்கிறான். உடுப்பு கிழிந்து பறக்கிறது. இழைகளைக் கையால் பிடிக்கப் பிடிக்க அவை பச்சையாக உயிர் பெறுகின்றன. எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டே படியேறிப் போய் உட்காருகிறான். அவனுடைய நண்பர்கள் மொபியஸும் சில்வியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. “ஆசைப்பட்டப்போ கிடைக்காதது, வேண்டாம்னப்போ தலைல வந்து உட்கார்ந்துச்சு” என்று எழுதியிருந்தான். நைட் ஷிப்ட் முடிந்து ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனில் தட்டியது. அந்தக் காட்சியில் வசனமே பெரிதாகக் கிடையாது. அது புரிய எந்த மொழி வேண்டும் என்கிறீர்கள்?

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். கர்ண மோட்சம் அன்றைக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். வியாசரை வடமொழியில் படித்துவிட்டு வந்து அழு என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. கூத்துக்காரர் தமிழில் பாடினார், அவர்களுக்குக் கர்ணன் செத்தான், அழுதார்கள். சக்திமான் 1997-இல் தூர்தர்ஷனில் இந்தியில் வந்தபோது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. கங்காதர்தான் சக்திமான் என்பது எங்களுக்குத் தெரியும், கில்விஷ் கெட்டவன் என்பது தெரியும். போதுமானதாக இருந்தது.

ஒரிஜினல் குரலில்தான் நடிப்பு முழுசாகத் தெரியும் என்பீர்கள். சரி, அதில் உண்மை இருக்கிறது. சில டப்பிங் கேட்கவே முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019-இல் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். டிரெய்லர் வந்த அன்றே பழைய குரல்தான் வேண்டும் என்று எத்தனை பேர் சண்டை போட்டார்கள்! விஜய் சேதுபதியைப் பிடிக்காமல் இல்லை. வருடக்கணக்காக அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் அவர்களோடு அந்தப் பழைய தமிழ்க் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் ரசிகனுக்குத்தானே வரும்?

சப்டைட்டில் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அக்கா சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே மகனோடு அந்தத் தொடரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்ப்பாளா, எழுத்தைப் படிப்பாளா?

“ஜோக்குக்குச் சொன்னோம், இதைப் போய் சீரியஸா எடுக்கலாமா?” இந்தப் பதில்தான் எனக்குத் தாங்கவில்லை. இதே பையன் ஐடிஐ முடித்துவிட்டு ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனான். கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னதும் எதிரே இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மெஷின் ஓட்டத் தெரியுமா என்று கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அதே சிரிப்பைத்தான் நீங்கள் எமோஜியாகப் போட்டிருக்கிறீர்கள். தமிழில் படித்தால் சிரிப்பு, தமிழில் பேசினால் சிரிப்பு, கடைசியில் ஓய்வு நேரத்தில் தனக்குப் பிடித்ததைத் தமிழில் பார்த்தாலும் சிரிப்பு. அதையும் வெளியூர்க்காரன் சொல்லவில்லை. கமெண்ட் போட்டவர்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரியும் பாலக்கோடும். நம் ஊர்ப் பெயரை நாமே வசவாக எழுதுகிறோம், அதற்கு நாமே கைதட்டுகிறோம். எரிகிறது.

அவன் பதிவை அழித்துவிட்டான். அழிப்பதற்கு முன் நான் எடுத்து வைத்திருக்கிறேன். குரூப் அட்மினுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: யாரையும் வெளியே அனுப்பச் சொல்லவில்லை, ஊர்ப் பெயர் சொல்லி எழுதிய அந்தக் கமெண்டை மட்டும் எடுங்கள். முதல் சீசனைப் பற்றியும் அவன் பாதி எழுதி வைத்திருக்கிறான். முடித்ததும் இங்கே என் பக்கத்தில் போடுகிறேன். கதையில் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் வந்து திருத்துங்கள், சண்டை கூடப் போடுங்கள். எந்த மொழியில் பார்த்தான் என்று மட்டும் கேட்காதீர்கள்.