பாவம், தயிர் என்ன செய்யும்?

நவம்பர் வந்துவிட்டால் டெல்லித் தமிழர் வீடுகளில் முதல் குற்றவாளி தயிர்தான். குழந்தை ராத்திரி நாலு தடவை இருமினால் போதும், ஊரிலிருந்து போன் வந்துவிடும். "தயிர் சாதம் குடுத்தியா? தலைக்கு ஊத்தினியா?" வாழைப்பழம், ஆரஞ்சு என்று விசாரணை நீண்டு, கடைசியில் பெற்றவள் தலையில் வந்து விடியும். மயூர் விஹாரில் எதிர் பிளாக்கே கண்ணுக்குத் தெரியாத காலையிலும் இதே கதைதான். காற்றை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

காற்றுத் தரக் குறியீடு 400 என்றால், பிஎம் 2.5 நுண்துகள் கன மீட்டருக்கு 250 மைக்ரோகிராம் என்று அர்த்தம். ஒரு நாள் சராசரியாக நம் அரசு வைத்திருக்கும் வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது வெறும் 15. மூன்று வயசுக் குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடும். நிமிஷத்துக்கு 20, 30 தடவைகூட. மூச்சுக்குழாயோ சின்னது, உள்ளே லேசாக வீங்கினாலே விசில் சத்தம் கேட்கும். தெருவில் நடக்கும்போது அதன் முகம் கார் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. இதில் தயிர் என்ன செய்யும்?

சரி, தயிரை நிறுத்தியாச்சு. அப்புறம் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்திவிட்டு, குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிறோம்! மணமாக இருந்தாலும் புகை புகைதானே. கொசுவத்தி, ஊதுபத்தி எல்லாம் இதே கணக்குதான். பாட்டி காலத்துக் கிராமத்து வீட்டில் முற்றம் இருந்தது. இங்கே மூடிய டூ பெட்ரூம் பிளாட்.

டாக்டர் இன்ஹேலர் எழுதினால் மட்டும் வீடே பதறுகிறது. "பழகிடும், சிரப்பே போதும்" என்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம்தான், அதாவது இருபதில் ஒரு பங்கு. அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. சிரப் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. அதைக் குடித்துவிட்டு ஸ்பூன் பிடிக்க முடியாமல் விரல் நடுங்கும் குழந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்பேசரில், அதாவது இன்ஹேலரோடு பொருத்தும் குழாயில், முகமூடி மாட்டிக் கொடுத்தால் கைக்குழந்தைகூட இழுத்துக்கொள்ளும்.

அரசு மட்டும் என்ன, காற்று கெட்டால் பள்ளியை மூடிவிடுகிறது. ஏர் பியூரிஃபையர் இருக்கும் வீட்டுக்கு அது சரி. திரிலோக்புரியில் ஒற்றை அறையில் இருக்கும் குழந்தைக்கு வீட்டிலும் அதே காற்றுதான், மதியச் சாப்பாடுகூடப் போய்விடும்.

நம் பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடப்பதால் விடிகாலையில்தான் புகை அடர்த்தி அதிகம். மதியம் வெயில் ஏறினால் கொஞ்சம் கலையும். விளையாட்டு விழா ஒத்திகையை டிசம்பரில் முதல் பீரியடில்தான் வைக்க வேண்டுமா? மார்ச்சுக்குத் தள்ளினால் யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன். கூட நின்று கேட்க வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.