ஹெலன்ஸ்பர்க் என்றால் கோயில் மட்டும்தானா?

சிட்னித் தமிழர்களிடம் ஹெலன்ஸ்பர்க் என்று சொன்னாலே வெங்கடேஸ்வரா கோயில்தான். பெருமாளைக் கும்பிட்டு, அங்கேயே சிவனையும் கும்பிட்டு, கேன்டீனில் மசால் தோசை சாப்பிட்டுவிட்டுக் காரை எடுத்தால் வீடு. தோசையைக் குறை சொல்ல மாட்டேன்.

கோயில் குடமுழுக்கு 1985இல். ஊர் அதற்கு நூறு வருடம் மூத்தது. 1880களில் நிலக்கரிக்காகவே உண்டான ஊர். சிட்னிக்குத் தெற்கே 45 கிலோமீட்டர்தான், ஆனாலும் சுற்றிலும் காடு. ஒரு பக்கம் 1879இல் அறிவிக்கப்பட்ட ராயல் தேசியப் பூங்கா. பழைய ரயில் சுரங்கப்பாதை ஒன்றில் இப்போது மின்மினிப் புழுக்கள் ஒளிர்கின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டு, "சுரங்கம் இருந்த பழைய ஊர்" என்று பலரும் இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

சுரங்கம் மூடவே இல்லை! மெட்ரோபாலிட்டன் சுரங்கத்தில் இன்றும் கரி வெட்டுகிறார்கள். மின்சாரத்துக்கு அல்ல, இரும்பு உருக்க. வெட்டிய கரி போர்ட் கெம்ப்ளா துறைமுகத்துக்குப் போகிறது. வெட்டும் முறை 'லாங்வால்': நீளமான கரிப்பாளத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டே போக, பின்னால் மேற்கூரையைச் சரியவிடுவார்கள். அடியில் சரிந்தால் மேலே நிலம் சும்மா இருக்குமா? வராட்டா ஓடையின் பாறைப்படுகை வெடித்து, தண்ணீர் விரிசலுக்குள் இறங்கியது. அந்த ஓடை போய்ச் சேர்வது வொரனோரா நீர்த்தேக்கத்தில். ஹெலன்ஸ்பர்க்கும் சிட்னியின் தென்புறமான சதர்லாந்து பக்கமும் குடிக்கும் தண்ணீர் அது. அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியிலேயே வெட்டவும் 2020இல் மாநில அரசு அனுமதி கொடுத்தது.

2022இல் சுரங்கத்துக் கரிச்சேறு கேம்ப் கல்லி ஓடையில் இறங்கியது. அந்த ஓடை ஹாக்கிங் ஆற்றில் கலந்து தேசியப் பூங்காவுக்குள் போகிறது. மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் வழக்குப் போட்டது.

நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை. சில நூறு குடும்பங்களின் சோறு அது. இரும்பு வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் நாம் இல்லை. ஆனால் குடிதண்ணீருக்கு அடியில் வெட்டுவது வேறு விஷயம். அதற்கு என் ஓட்டு கிடையாது. அடுத்த விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்டால் நானும் எழுதி அனுப்பப் போகிறேன். சதர்லாந்து பக்கம் குடியிருக்கும் நம்மவர்களும் எழுதுங்கள், உங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அதே தண்ணீர்தான்.