வாய்ப் புற்றுக்குச் சாதகம் பார்க்காதீர்கள்

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பேசி முடித்திருந்த சம்பந்தம் அண்மையில் கலைந்தது. பெண்ணின் தாய் வாய்ப் புற்றுநோயில் இறந்தவர் என்பதுதான் காரணம். "மரபணுவில் வருகிற நோயாம், யூடியூப்பில் பார்த்தோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் நயமாகச் சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். அரைகுறை அறிவியல் சாதகக் கட்டத்தைவிடப் பொல்லாதது. செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் சொல்வார்கள்.

புற்றுநோய் மரபணு கெடுவதால் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் மரபணு கெடுவது வேறு, கெட்ட மரபணு பிள்ளைக்குப் போவது வேறு. அந்தத் தாயின் கன்னத்து உயிரணு ஒன்றில், அவர் வாழ்நாளில் நேர்ந்த பழுது அது. மகள் உருவான கருமுட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பிறவியிலேயே வாங்கி வந்த பழுதால் உண்டாகின்றன.

உயிரணுவைப் பெருகச் சொல்லும் மரபணுக்கள் நம் எல்லோரிடமும் உண்டு. அவை இல்லாமல் காயம் ஆறாது, குழந்தை வளராது. அவற்றில் ஒன்று பழுதாகி, ஓயாமல் பெருகு என்று கட்டளையிடத் தொடங்கினால் அதுவே புற்றைத் தூண்டும் மரபணு. கோழிக்குப் புற்று உண்டாக்கும் வைரஸ் ஒன்றில் இருந்த அத்தகைய மரபணு, நல்ல கோழியின் உடம்பிலிருந்தே வைரஸ் கவர்ந்துகொண்டது என்று 1976 இல் காட்டியது அமெரிக்க விஞ்ஞானிகள் பிஷப், வார்மஸ் இருவரின் ஆய்வுக்குழு. 1989 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு பக்கம், பெருக்கத்தை அடக்கும் மரபணுக்கள். தேயிலை இயல்பில் மரம் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவ்வாத்து வெட்டாமல் விட்டால் கொழுந்துக்குக் கை எட்டாது. பி53 என்ற மரபணுதான் உடம்பின் கவ்வாத்துக் கத்தி. உயிரணுவில் பழுது கண்டால் பெருகவிடாமல் நிறுத்தும், திருத்த வழிசெய்யும், திருத்த முடியாவிட்டால் அந்த உயிரணுவையே மாளவைக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இது கெட்டுப்போயிருக்கிறது. வாய்ப் புற்றில் அதிகம் கெட்டுப்போயிருப்பதும் இதுதான்.

தூண்டும் மரபணுவில் ஒரு பிரதி கெட்டாலே ஆபத்து. அடக்கும் மரபணுவில் பெரும்பாலும் தாய் கொடுத்தது, தந்தை கொடுத்தது இரண்டும் போக வேண்டும். குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து, இந்த இரட்டை அடியை 1971 இல் ஊகித்துச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் நட்சன். பரம்பரைப் புற்று உள்ள குடும்பங்களில் ஒரு பிரதி பிறக்கும்போதே பழுது. அதனால் இளவயதிலேயே நோய் தலைகாட்டும். மார்பகப் புற்றோடு தொடர்புடைய பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 அப்படிப்பட்டவை. தந்தை வழியிலும் அவை வரும். நம் வீடுகளில் அம்மா பக்கத்தை மட்டும் துருவுகிறோம், அப்பாவின் அக்கா தங்கைகளை யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டியது நேரத்தோடு பரிசோதித்துக்கொள்வதற்காக, சம்பந்தத்தை முறிப்பதற்காக அல்ல.

இனி வெற்றிலைக்கு வருகிறேன். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். மலையகத்தில் பெண்களும் தப்பவில்லை. கொட்டும் மழையில், அட்டைக்கடியில் மலையேறி நிற்பவளுக்குப் பசியையும் அசதியையும் தள்ளிப்போட ஒரு வாய் வெற்றிலைதான் துணை. அதனால் "ஏன் போட்டாய்" என்று மேடையில் நின்று அதட்டும் சுகாதாரப் பேச்சு எனக்குப் பிடிப்பதேயில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: பாக்கு தனியாகவே புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் முடிவுசெய்துவிட்டது. பாக்கும் புகையிலையும் விடும் நச்சு, மரபணுவைத் தாக்குகிறது, சுண்ணாம்பு அதற்குத் துணைபோகிறது. கன்னத்தில் அடக்கிவைக்கும் இடத்திலேயே புற்று அடிக்கடி முளைப்பது தற்செயலல்ல.

"எங்கள் அப்பாயி எண்பது வயதுவரை வெற்றிலை போட்டார், ஒன்றும் ஆகவில்லையே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். நல்லது, கிழவி தப்பித்தார். ஒரே உயிரணுவில் தூண்டுவதும் அடக்குவதுமாகப் பல மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டால்தான் புற்று. அது சிலருக்கு நாற்பதில் நேரும், சிலருக்கு நேராமலேயே போகும். ஒவ்வொரு வாய் வெற்றிலையும் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. நிறுத்தினால் கூடுவது நிற்கும், ஆண்டுகள் போகப் போக ஆபத்தும் குறையும்.

பழுது சேர வருடக்கணக்காகும் என்பதால்தான் நமக்கு அவகாசம் இருக்கிறது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பும் கட்டம்வரை காத்திருக்காதீர்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு பல் வைத்தியர் டோர்ச் அடித்து வாயைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொழும்புக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த முறை இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். தோட்ட நிர்வாகத்துக்கு இதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை.